எந்த ஞாயிற்றுக்கிழமை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு நடக்கிற தூரத்தில் என் ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு மனு, ஆதார், பட்டா, சிட்டா என்று மிஷின் சூடு ஆறாது. செவ்வாய் முதல் சனி வரை ஈ ஓட்டுகிற நேரம்தான் அதிகம். இந்தக் கணக்கு முழுக்க அந்த ஈ ஓட்டுகிற நேரத்தில் போட்டது.

2023 ஆகஸ்ட் முதல் வாரம். ஃபார்முலா 1 கார் ரேஸுக்குக் கோடை விடுமுறை. ஜூலை 30 பெல்ஜியம் முடிந்துவிட்டது, அடுத்தது ஆகஸ்ட் 27 நெதர்லாந்துதான். முடிந்த 12 ரேஸில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் பத்து வெற்றி. மற்ற இரண்டும் அதே ரெட் புல் டீமில் ஓட்டும் செர்ஜியோ பெரெஸுக்கு. வேறு யாருக்கும் ஒன்றுகூட இல்லை. சாம்பியன் யார் என்பதில் ஒரு சுவாரசியமும் மிச்சமில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கிறான் என் மச்சினன். கிரீஸ் கையோடு கடைக்கு வந்து உட்கார்ந்தவன் கேட்டான்: "யாருன்னு நான் கேக்கல மாமா. எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க பாப்போம்."

அதாவது, எந்த நாள் ரேஸோடு சாம்பியன் கோப்பை அவருக்கு உறுதியாகும் என்று. அப்படித்தான் பந்தயம் ஆரம்பித்தது. தோற்றவர்கள் ஜெயித்தவருக்குப் பரோட்டாவும் வஞ்சிரம் வறுவலும் வாங்கித் தர வேண்டும். கடையில் லேமினேஷன் போடும் பையனும் சேர்ந்துகொண்டான். தினமும் காலையில் பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், "எனக்கு டாக்டர் எண்ணெய் கூடாதுன்னுட்டார்" என்று ஒதுங்கிக்கொண்டு நடுவராகிவிட்டார். ரேஸே பார்க்காதவர் அவர். பிற்பாடு இந்தக் கணக்கில் பாதி அவர் திருத்தியது.

எக்செல்லைத் திறந்தேன். விஷயம் கேட்க எளிது. முதலாவது இருப்பவருக்கும் அடுத்தவருக்கும் இருக்கும் பாயிண்ட் வித்தியாசத்தை முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். இனி நடக்கப்போகும் ரேஸ்களில் ஒருவர் அதிகபட்சமாக எடுக்கக்கூடிய பாயிண்ட் எல்லாவற்றையும் கூட்டினால் வருவது மிச்சம். முன்னிலை மிச்சத்தைத் தாண்டுகிற நாளில் ஆட்டம் முடிந்தது. பிறகு பின்னால் வருபவர் எல்லாவற்றையும் ஜெயித்து, முன்னால் இருப்பவர் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் பிடிக்க முடியாது.

ஜெயித்தால் 25. அதோடு அந்த ரேஸிலேயே மிக வேகமான சுற்றை ஓட்டியவருக்கு ஒன்று (முதல் பத்துக்குள் முடித்தால் மட்டும், அந்த விதி 2024 வரை இருந்தது). ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு உச்சம் 26. பெல்ஜியம் முடிந்தபோது வெர்ஸ்டாப்பன் 314, பெரெஸ் 189. முன்னிலை 125.

மிச்சம் எத்தனை ரேஸ் என்பதிலேயே முதல் சறுக்கல். வருட ஆரம்பத்தில் நானே பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி சுவரில் மாட்டிய அட்டவணையில் 23 என்று இருந்தது. அதில் 12 போனால் 11. மச்சினன்தான், "மாமா, இமோலா வெள்ளத்துல போச்சே" என்றான். மே மாதம் இத்தாலியில் வெள்ளம் வந்து அந்த ரேஸையே ரத்து பண்ணியிருந்தார்கள். ஆக 22. மிச்சம் பத்து. லேமினேட் பண்ணியதில் பேனாவால் அடிக்கவும் முடியாது. இன்னமும் அப்படியேதான் தொங்குகிறது.

பிறகு வேகம். 12 ரேஸில் 125 என்றால் ரேஸுக்குச் சராசரி 10.4. இதை நெதர்லாந்து, இத்தாலி, சிங்கப்பூர், ஜப்பான் என்று கீழே இழுத்தேன். ஜப்பான் முடியும்போது முன்னிலை கிட்டத்தட்ட 167. அதற்குப் பிறகு ஆறு ரேஸ், ஆறு இருபத்தாறு 156. கட்டம் பச்சையாகிவிட்டது. செப்டம்பர் 24, ஜப்பான்.

ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து மச்சினனிடம் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவன், "அப்ப நான் ஜப்பான்" என்று முந்திக்கொண்டான். தாளைக் கொண்டுபோய் பட்டறையில் ஸ்பேனர் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியும்விட்டான். என் கணக்கு, அவன் பந்தயம்.

வாத்தியார் மறுநாள் கேட்டார்: "தம்பி, வழி சரியான்னு எப்படித் தெரியும்? விடை தெரிஞ்ச கணக்குல போட்டுப் பாத்தியா?"

நியாயம்தான். முதலில் 2002-ஐ எடுத்தேன். மைக்கேல் ஷூமாக்கர் 17 ரேஸில் 11-வதிலேயே, ஜூலை 21 அன்று, பிரான்சின் மாக்னி கூர் டிராக்கில் சாம்பியன் ஆன வருடம். அப்போது ஜெயித்தால் 10, இரண்டாவதுக்கு 6. அந்த ரேஸ் முடிந்ததும் ஷூமாக்கர் 96, அடுத்த இடத்தில் மோன்டோயா 34. முன்னிலை 62; மிச்சம் ஆறு ரேஸுக்கு 60. ஷீட் சரியாக அந்த வரியில் பச்சை காட்டியது.

இதில் எனக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தது. அன்று கடைசிச் சில சுற்றுகள் வரை முன்னால் போனது கிமி ரைக்கோனன். வேறொரு கார் கொட்டிவிட்டுப் போன எண்ணெயில் வழுக்கி அகலமாகப் போனார், ஷூமாக்கர் உள்ளே நுழைந்தார். எண்ணெய் இல்லையென்றால் ஷூமாக்கருக்கு இரண்டாமிடம், 92, முன்னிலை 58. மிச்சம் 60. கோப்பை அன்று கிடையாது. ஒரு எண்ணெய்க் கறை தேதியையே மாற்றியிருக்கிறது. மச்சினனுக்கு இதைச் சொன்னபோது, "எந்த வண்டிங்க, ஆயில் சீல் போயிருக்கும்" என்றான். டொயோட்டா.

அடுத்து 2022. அங்கேதான் மாட்டினேன்.

2022 அக்டோபர் 9, ஜப்பானின் சுசுகா. நல்ல மழை. 53 சுற்றில் 28-தான் ஓடினார்கள். முழு பாயிண்டா குறைந்த பாயிண்டா என்று டீம்களுக்கே குழப்பம். கடைசி வளைவில் சார்ல் லெக்லெர் குறுக்கே வெட்டிப் போனதற்கு 5 விநாடி பெனால்ட்டி. இரண்டாமிடத்திலிருந்து மூன்றாவதுக்கு இறங்கினார். முழு பாயிண்ட் என்று முடிவானதும் வெர்ஸ்டாப்பன் 366, பெரெஸ் 253, லெக்லெர் 252. சாம்பியன்.

என் ஷீட்டும் சாம்பியன் என்றது. முன்னிலை 113, நான்கு ரேஸ் மிச்சம், 104. நிறைவாக மூடப்போனேன். மச்சினன் விடவில்லை. "அந்த அஞ்சு செகண்ட் பெனால்ட்டி இல்லேன்னா அன்னைக்குக் கோப்பை இல்ல மாமா. நான் முழுசா பாத்தேன்."

போட்டுப் பார்த்தேன். பெனால்ட்டி இல்லையென்றால் லெக்லெருக்கு 18 பாயிண்ட், மொத்தம் 255. முன்னிலை 111. அதுவும் 104-ஐத் தாண்டுகிறதே! என் ஷீட்டின்படி பெனால்ட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் சாம்பியன். நடந்தது அப்படி இல்லை. ஒன்று அவன் தப்பு, இல்லை என் மிச்சம் தப்பு.

அரை மணி நேரம் ஷீட்டை முறைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருவர் வாரிசுச் சான்றிதழ் நகலுக்கு வந்தார், இரண்டு பக்கமும் ஒரே பக்கமாக அடித்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். அப்புறம்தான் உறைத்தது: சனிக்கிழமை. 2022-ல் பிரேசிலில் ஒரு ஸ்பிரின்ட் பாக்கி இருந்தது. சனிக்கிழமை நடக்கும் சின்ன ரேஸ். ஜெயித்தால் 8, இரண்டாவதுக்கு 7, அப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்து எட்டாவதுக்கு ஒன்று. 104-உம் 8-உம் 112. 113 தாண்டுகிறது, 111 தாண்டவில்லை. ஒரே ஒரு பாயிண்டில் தொங்கியிருக்கிறது அன்றையக் கோப்பை.

ஷூமாக்கர் காலத்தில் ஸ்பிரின்ட் கிடையாது. அதனால்தான் 2002 என்னைத் தட்டிக்கொடுத்து ஏமாற்றியது. சோதனைக்கு எடுக்கிற பழைய கணக்கில் புதுக் கணக்கின் சிக்கல் இருக்க வேண்டும். நான் எடுத்ததில் இல்லை.

ஷீட்டில் 'சனி' என்று ஒரு பத்தி சேர்த்தேன். 2023-ல் பாக்கி இருந்த ஸ்பிரின்ட் மூன்று: கத்தார், அமெரிக்கா, பிரேசில். மூன்றுமே ஜப்பானுக்குப் பிறகு. ஆக ஜப்பான் முடியும்போது மிச்சம் 156 இல்லை, 180. என் 167 அதைத் தொடவில்லை. பச்சைக் கட்டம் ஒரு வரி கீழே இறங்கி கத்தாரில் நின்றது. அக்டோபர் 8.

மச்சினனைக் கூப்பிட்டுச் சொன்னேன், மாற்றிக்கொள் என்று. "சொன்னது சொன்னதுதான்" என்றான். பட்டறையில் ஒட்டியாகிவிட்டதே. நான் கத்தார் ஞாயிறு எடுத்தேன். லேமினேஷன் தம்பி, "அப்ப அந்த சனிக்கிழமையை எனக்குக் குடுத்துடுங்கண்ணே, அது சும்மாதானே கெடக்கு" என்றான். குடுத்துவிட்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் சராசரி என்னை உறுத்தியது. முதல் ஐந்து ரேஸ் முடிந்தபோது முன்னிலை வெறும் 14. அப்போது பெரெஸ் உண்மையாகவே போட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஏழில் 111 ஏறியிருக்கிறது. முதல் ஐந்தை எண்ணாமல் இந்த ஏழு ரேஸை மட்டும் சராசரி எடுத்தால் ரேஸுக்கு கிட்டத்தட்ட 15.9. அதைப் போட்டால் ஜப்பானில் 188, 180-ஐத் தாண்டிவிடும். மறுபடி மச்சினன் கட்சி! எந்த ரேஸிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதை வைத்து எந்த ஊர் வேண்டுமோ அந்த ஊரைக் கொண்டுவரலாம் போலிருந்தது.

வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார். "புயல் வருதுன்னா முதல் நாள் என்ன சொல்றான்? தேவனாம்பட்டினத்துல இத்தனை மணிக்குக் கரையேறும்னா சொல்றான்? சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவேன்னு சொல்லுவான். கிட்ட வர வர கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேன்னு சுருக்குவான். நீ மட்டும் எதுக்கு ஒரே புள்ளிய சொல்லணும்?"

2011 டிசம்பர் 30 'தானே' புயலைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எல்லை சொல்ல வேண்டும். எல்லைக்குள் எங்கே எவ்வளவு வாய்ப்பு என்றும் சொல்ல வேண்டும். எப்படி?

"சீட்டுக் குலுக்கு" என்றார்.

வீட்டிலிருந்து காலி ஊறுகாய் டப்பா ஒன்றைக் கழுவி எடுத்து வந்தேன் (நாரத்தங்காய் வாசனை கடைசி வரை போகவில்லை). வீணான ஏ4 தாளைக் கத்தரித்து 12 வெள்ளைச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னிலை எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற எண். பஹ்ரைனிலிருந்து பெல்ஜியம் வரை வரிசையாக: 7, −6, 14, −7, 8, 25, 14, 16, 11, 18, 11, 7. அந்த 25 மொனாக்கோ. பெரெஸ் ஒரு பாயிண்டும் எடுக்காத நாள். ஸ்பிரின்டுகளுக்கு மூன்று மஞ்சள் சீட்டு தனியாக: −2, 1, 8. எல்லாம் கூட்டினால் 125 வருகிறதா என்று வாத்தியார் சரிபார்த்த பிறகே டப்பாவில் போடவிட்டார்.

குலுக்கும் முறை இது. நான்கு வெள்ளை எடு. நெதர்லாந்து, இத்தாலி, சிங்கப்பூர், ஜப்பான். ஒவ்வொன்றையும் எடுத்துக் குறித்ததும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கணும். பையன் முதலில் போடாமல் எடுத்துக்கொண்டே போனான், வாத்தியார் அதட்டினார்: "மொனாக்கோ மாதிரி நாள் ஒரு தடவைதான் வரும்னு யார் சொன்னா?" நான்கின் கூட்டு 55-ஐத் தொட்டால் ஜப்பானில் முடிந்தது, ஏனென்றால் 125-உம் 55-உம் 180. தொடாவிட்டால் ஒரு மஞ்சள் எடு. மொத்தம் 47 ஆனால் கத்தார் சனி. அதுவும் இல்லையென்றால் இன்னொரு வெள்ளை. மொத்தம் 21 இருந்தால் போதும், கத்தார் ஞாயிறு. அதற்கும் கீழே என்றால் அமெரிக்காவோ அதற்குப் பிறகோ.

இங்கே வாத்தியார் இன்னொன்றையும் பிடித்தார். நான் 'மிச்சத்தைவிட அதிகம்' என்று சூத்திரம் போட்டிருந்தேன். "சமமா வந்தா?" என்றார். சமமானால் யாருக்கு அதிக வெற்றியோ அவருக்குக் கோப்பை. வெர்ஸ்டாப்பனுக்கு அப்போதே பத்து. ஜப்பானுக்குப் பிறகு பாக்கி ஆறையும் பெரெஸே ஜெயித்தாலும், அதற்கு முந்தைய நான்கில் அவர் ஒன்றும் ஜெயிக்காதிருந்தால் எட்டுதான் ஆகும். சமம் போதும். சூத்திரத்தில் ஒரு சமக்குறி சேர்ந்தது. அந்தச் சமக்குறிக்கு அக்டோபரில் வேலை வந்தது, சொல்கிறேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று சாயங்காலத்தில் நூறு முறை குலுக்கினோம். பையன் எடுப்பான், நான் பில் புக்கின் பின்பக்கத்தில் கோடு போடுவேன், நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. நூறில் ஜப்பான் 18, கத்தார் சனி 22, கத்தார் ஞாயிறு 54, அதற்குப் பிறகு 6.

வெள்ளிக்கிழமை இதையே எக்செல்லில் செய்தேன். பன்னிரண்டு எண்ணையும் ஒரு பத்தியில் வைத்து, ராண்ட்பிட்வீன் சூத்திரத்தால் 1 முதல் 12 வரை ஒரு எண் எடுத்து, அந்த இடத்துச் சீட்டை இண்டெக்ஸ் கொண்டு இழுத்தால் ஆயிற்று. ஒரு வரி ஒரு சீசன். 5,000 வரி கீழே இழுத்தேன். எஃப் 9 அழுத்தினால் 5,000 சீசனும் மறுபடி ஓடும். பழைய கம்ப்யூட்டர், மின்விசிறி அலறியது. விடை டப்பா சொன்னதிலிருந்து அதிகம் விலகவில்லை. மூன்று நாள் குலுக்கியது வீணா என்று பையன் கேட்டான். வீணில்லை. டப்பாவில் கை விட்டிராவிட்டால் சூத்திரத்தில் தப்பு இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

நான்கு நாள் இந்த எண்களோடு புழங்கியதில் ஒரு விஷயம் மெல்லப் பிடிபட்டது. எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய லாபமே அதுதான். நாமெல்லாம் வெர்ஸ்டாப்பன் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். முன்னிலை வாரத்துக்குப் பத்துப் பதினைந்துதான் ஏறுகிறது. மிச்சம் என்கிற கூரையோ ஒவ்வொரு ஞாயிறும் 26 இறங்குகிறது, ஸ்பிரின்ட் இருந்தால் 34. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வருவதில் பெரும்பங்கு கூரையுடையது. அது யார் ஜெயித்தாலும் தோற்றாலும் இறங்கும்.

சோதித்துப் பார்த்தேன். வெர்ஸ்டாப்பன் இனி ஒவ்வொரு ரேஸிலும் முழு 26 எடுத்து, பெரெஸ் ஒன்றுமே எடுக்காவிட்டால்? சிங்கப்பூரில் முன்னிலை 203, மிச்சம் 206. மூன்று குறைகிறது. ஜப்பான்தான். சரி, மறுமுனை: இனி முன்னிலை ஒரு பாயிண்டுகூட ஏறாமல் 125-லேயே நின்றுவிட்டால்? அமெரிக்கா முடியும்போது மிச்சம் 112. அங்கே முடிந்துவிடும். கற்பனைக்கு எட்டிய உச்சத்துக்கும் அவர் அப்படியே தேங்கி நிற்பதற்கும் நடுவே வெறும் நான்கு வாரம், செப்டம்பர் 24-லிருந்து அக்டோபர் 22. ஆகஸ்டிலேயே தேதியின் பெரும்பகுதியை அட்டவணை எழுதி வைத்துவிட்டது. 'எப்போது' என்ற கேள்விக்கு நான் ஓட்டுநரைப் பார்த்ததைவிடக் காலண்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

சீட்டுக்கும் ஒரு எல்லை உண்டு. டப்பாவில் இல்லாத நாள் டப்பாவிலிருந்து வராது. 2005-ல் இண்டியானாபோலிஸில் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடின. நம்ம நரேன் கார்த்திகேயன் நான்காவது வந்து 5 பாயிண்ட் எடுத்தார். அந்த மாதிரி நாளை எந்தச் சீட்டில் எழுதுவது? வாத்தியாரிடம் கேட்டேன். "எழுதாத சீட்டு ஒண்ணு எப்பவும் டப்பாவுல இருக்குன்னு நெனச்சுக்கோ" என்றார். கணக்கு வாத்தியார் பேசுகிற பேச்சா இது!

ஆகஸ்ட் 27, நெதர்லாந்து: முன்னிலை 13 ஏறியது. இத்தாலி: 7. அன்றைக்கு வெர்ஸ்டாப்பனுக்குத் தொடர்ந்து பத்தாவது வெற்றி, யாரும் செய்யாதது. மச்சினன் அந்த வாரம் கடைக்கு வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. முன்னிலை 145. சிங்கப்பூரில் 9-உம் ஜப்பானில் 26-உம் ஏறினால் அவனுக்கு 180.

செப்டம்பர் 17, சிங்கப்பூர். வருடம் முழுக்க ஓடிய ரெட் புல் அந்த ஒரு வாரம் ஓடவில்லை. வெர்ஸ்டாப்பன் 11-வது இடத்திலிருந்து கிளம்பி ஐந்தாவது வந்தார், பெரெஸ் எட்டாவது. ஜெயித்தது ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ். வெர்ஸ்டாப்பனுக்கு இப்படி ஒரு மோசமான நாளுக்கு அதுவரை சீட்டே கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே சறுக்கியதால் முன்னிலை 6 ஏறத்தான் செய்தது. 151. மச்சினனுக்குத் தேவை 9; வந்தது 6. அங்கேயே அவன் பந்தயம் முடிந்தது. ஜப்பானில் முழுசாக 26 ஏறினாலும் 177, மிச்சம் 180. நான் அவனிடம் சொல்லவில்லை. பட்டறைத் தாளில் பழைய 156 இருக்கிறதே, ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கட்டும்.

செப்டம்பர் 24 காலை பத்தரைக்கு ஜப்பான். வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், வேகமான சுற்றும் அவருடையது. பெரெஸ் இரண்டு முறை மோதி வண்டியை ஓரம்கட்டினார். ரொம்ப நேரம் கழித்து அவரை மறுபடி இறக்கி, பாக்கி பெனால்ட்டியைக் கழித்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கடனை அடைக்க மட்டும் வெளியே வந்த மாதிரி. அவருக்குச் சைபர். முன்னிலை சரியாக 26 ஏறி, சரியாக 177.

உடனே போன். "மாமா! சாம்பியன்ஷிப் முடிஞ்சுதுன்னு போட்டுட்டான்! பரோட்டா எங்க?"

அவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு முடிந்தது டீம் சாம்பியன்ஷிப். கன்ஸ்ட்ரக்டர்ஸ் கோப்பையை ரெட் புல் ஜப்பானிலேயே எடுத்துவிட்டது. ஓட்டுநர் கோப்பைக்கு இன்னும் 3 பாயிண்ட். இதைப் போனில் விளக்கப் பதினைந்து நிமிஷம் ஆனது. கடைசியில், "ஒரு கோப்பை வந்துச்சில்ல, அப்ப பாதி பந்தயம் என்னுது" என்றான். வாத்தியார் அந்த அப்பீலைத் தள்ளுபடி பண்ணினார்.

அடுத்தது கத்தார், லுசைல். அங்கே சனிக்கிழமை ஸ்பிரின்ட் முடிந்ததும் மிச்சம் 172. பெரெஸ் ஸ்பிரின்டை ஜெயித்து 8 எடுத்தாலும் வெர்ஸ்டாப்பன் 3 எடுத்தால், அதாவது ஆறாவது வந்தால், 177-இல் 8 போய் 3 சேர்ந்து 172. சமம். வாத்தியாரின் சமக்குறி! செய்திகளிலும் அதே 3 பாயிண்ட் என்று வந்திருந்தது. என் பழைய சூத்திரம் இருந்திருந்தால் 4 என்று சொல்லியிருக்கும்.

ஆகஸ்டில் 22 பங்கு இருந்த சனிக்கிழமை இப்போது கிட்டத்தட்ட உறுதி என்று ஆகியிருந்தது. டப்பாவைத் திறக்கவே தேவையில்லை. புயல் கரைக்கு வந்துவிட்டது. என் 54 கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. 54 என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிற்றெரிச்சல்.

அக்டோபர் 7, சனி, இரவு 11 மணி. மொட்டை மாடியில் போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்து நானும் மச்சினனும். 19 சுற்றுதான். எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் பாதுகாப்பு கார் மூன்று முறை வந்தது. நடுவில் பெரெஸும் ஓகோனும் ஹுல்கென்பெர்கும் ஒன்றாக உரசி, பெரெஸ் சரளைக்குள் போய் நின்றார். அந்த நொடியில் முடிந்தது. அவருக்குச் சைபர் என்றால் வெர்ஸ்டாப்பன் கடைசியாக வந்தாலும் 177, மிச்சம் 172. ஓடிக்கொண்டிருந்தவர் கோட்டைத் தொடுவதற்கு முன்பே, பின்னால் வந்தவர் நின்றதால் சாம்பியன். ஸ்பிரின்டை ஜெயித்தது ஆஸ்கர் பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன் இரண்டாவது. 407-க்கு 223.

அது முடிவதற்குள் கடைப் பையனிடமிருந்து மெசேஜ்: "அண்ணே வஞ்சிரம் பெரிய துண்டா."

மறுநாள் ஞாயிறு ரேஸையும் வெர்ஸ்டாப்பன்தான் ஜெயித்தார். ஷீட்டில் என் வரி பளிச்சென்று பச்சையாக இருந்தது, ஒரு நாள் தாமதமாக. வஞ்சிரத்தில் பாதிப் பணம் நான், பாதி மச்சினன். பையனுக்குக் கணக்கு ஒன்றும் கிடையாது. யாரும் எடுக்காத நாளை எடுத்தான். ஆனால் அந்த நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது என்று டப்பாவில் நூறு முறை கைவிட்டு எடுத்துக் காட்டியதும் அவன்தான்.

2024-லும் போட்டோம். முதல் பத்து ரேஸில் வெர்ஸ்டாப்பனுக்கு ஏழு வெற்றி. அந்தச் சீட்டுகளைக் குலுக்கினால் சீசன் முடிய ரொம்ப முன்னாலேயே முடித்துவிடுவார் என்று வந்தது. பிறகு பத்து ரேஸ் அவர் ஜெயிக்கவே இல்லை. கடைசியில் 24-இல் 22-வது ரேஸான லாஸ் வேகாஸில், ஐந்தாவது வந்து, கோப்பையை எடுத்தார். அதற்குப் பிறகு புது ரேஸ்களின் சீட்டை இரண்டிரண்டாக எழுதிப் போடுகிறேன். இது வாத்தியார் யோசனை இல்லை, என்னுடையது. சரியா என்று இன்னும் முழுசாகச் சோதிக்கவில்லை.

2025-இல் வேகமான சுற்றுக்கான பாயிண்டை எடுத்துவிட்டார்கள். எல்லா 26-ஐயும் 25 ஆக்கினேன். ஆகஸ்ட் 31 நெதர்லாந்து முடிந்தபோது பியாஸ்ட்ரி 309, அடுத்து அதே டீமின் லாண்டோ நோரிஸ் 275. ஒன்பது ரேஸ், மூன்று ஸ்பிரின்ட், மிச்சம் 249. இரண்டு பேருக்கும் நடுவில்தான் கதை என்று நினைத்து அந்த இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரியில் வெர்ஸ்டாப்பன் 205, பியாஸ்ட்ரிக்கு 104 பின்னால். திரையில் இடம் அடைக்கிறதே என்று அந்த வரியை மறைத்து வைத்தேன்.

டிசம்பரில் அபுதாபியில் கடைசி ரேஸ் முடிந்தபோது நோரிஸ் 423, பியாஸ்ட்ரி 410. நடுவில், சாம்பியனுக்கு இரண்டே பாயிண்ட் பின்னால், 421-இல் நின்றது நான் மறைத்து வைத்த வரி.